துப்பறியும் படங்களில் மோட்டார் வண்டி

மறைந்தது வெளிப்படக் காண்பதில் மக்களுக்குள்ள ஆவல் மிகப் பழையது. அரசியின் சிலம்பு எது, வணிகன் கையிலிருந்த சிலம்பு எது என்னும் வழக்கில், ஒரு சிலம்பை உடைத்து உண்மை கண்ட வரலாற்றை நம் தமிழகம் பன்னூறாண்டுகளாகப் போற்றி வருகின்றது. மாணிக்கப் பரல் தெறித்த அளவில் வழக்கு முடிந்தது. ஆயிரம் சொற்கள் செய்ய மாட்டாததை ஒரு சிறு பொருள் செய்தது. இக்காலத்துத் துப்பறியும் படங்களுள் பலவற்றில் அச்சிலம்பின் இடத்தைப் பெற்றிருப்பது மோட்டார் வண்டியாகும். அது குற்றத்திற்குக் கருவியாகின்றது, குற்றவாளிக்குப் புகலிடமாகின்றது, முடிவில் அவனுக்கு எதிராகச் சாட்சியும் சொல்லுகின்றது. இதன் இயல்பை ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருளைப் பற்றி யாம் எண்ணத் தலைப்பட்டது விருத்தாசலத்தில். மணிமுத்தாற்றின் கரையிலுள்ள அவ்வூர், பழமலைநாதர் கோயிலுக்கும் இருப்புப்பாதைச் சந்திப்புக்கும் பெயர் பெற்றதைப் போலவே பீங்கான் தொழிலுக்கும் பெயர் பெற்றது. அங்குள்ள பட்டறைகளில் கோப்பைகளும், பொம்மைகளும், மின்சார பியூஸ் கட்டைகளும் உருவாகின்றன. சென்ற கோடை விடுமுறையில் சில நாட்கள் அவ்வூரில் ஒரு நண்பர் இல்லத்தில் தங்கியிருந்தோம். பகலில் பட்டறைகளைப் பார்ப்பதும், இரவில் நண்பர் இல்லத்துத் தொலைக்காட்சியில் படம் பார்ப்பதுமாகப் பொழுது கழிந்தது. பகலிற் கண்டது இரவிற் கண்டதற்கு உரை எழுதியது போல அமைந்தமையைப் பின்னர்க் கூறுவோம்.

1. வண்டி கதைக்குப் பொருந்துமாறு

மோட்டார் வண்டி துப்பறியும் கதைக்கு இத்துணைப் பொருத்தமாக அமைந்ததற்கு நான்கு காரணங்கள் கூறலாம். முதலாவது விரைவு. குற்றம் இழைத்தான் ஒருவன் மாலையில் ஓரூரிலிருந்து, விடிவதற்குள் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேறோர் ஊரில் நிற்கலாம். இரண்டாவது தனிமை. வண்டி தெருவின் நடுவே செல்லினும் தெருவோடு சேராதது. கதவு சாத்திய ஒரு சிற்றறை போன்றது. அதனுள் நடப்பதை வழிப்போக்கர் அறியார். மூன்றாவது, அதற்குப் பெயர் உண்டு. பதிவு எண்ணை நெற்றியிலும் முதுகிலும் தாங்கியே அது ஊரை வலம் வருகின்றது. அப்பலகையை மாற்றினும், உட்சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்த எண்கள் எளிதில் மறையமாட்டா. நான்காவது பருமை. ஒரு கத்தியைக் கிணற்றில் எறியலாம்; துப்பாக்கியை மண்ணிற் புதைக்கலாம்; ஒரு டன் இரும்பை எங்கே ஒளிப்பது?

இந்நான்கனுள் முன்னிரண்டும் குற்றவாளிக்குத் துணை. பின்னிரண்டும் துப்பறிவோனுக்குத் துணை. ஒரே பொருள் இருவருக்கும் படைக்கலமாக நிற்றலின், கதைக்கு வேண்டிய போராட்டம் அவ்வண்டிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

2. பம்பாயில் நிகழ்ந்த மூன்று வண்டி வழக்கு

நம் நாட்டில் இவ்வகைப் படத்திற்கு வித்திட்டது உண்மையாக நிகழ்ந்த ஒரு கொடுமை. 1925ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆம் நாள் மாலை, பம்பாயின் மலபார் குன்றில், அப்துல் காதர் பாவ்லா என்னும் செல்வர் மும்தாஜ் பேகம் என்னும் பெண்மணியுடன் தம் காரில் சென்றுகொண்டிருந்தார். மற்றொரு கார் அதனை மோதி நிறுத்தியது. அதிலிருந்து இறங்கியவர்கள் பாவ்லாவைச் சுட்டனர். மும்தாஜின் முகத்தை வெட்டி, அவரை இழுத்துச் செல்ல முயன்றனர். அத்தருணத்தில் மூன்றாவது காரொன்றில் அவ்வழியே வந்த ஆங்கிலப் படை அதிகாரிகள் குறுக்கிட்டுப் போராடினமையால் அப்பெண்மணி உயிர் தப்பினார். பாவ்லா இறந்தார். மும்தாஜ் முன்னர் இந்தூர் அரண்மனையில் இருந்து வெளியேறியவர். ஆதலின் வழக்கின் இழை இந்தூர் வரையில் நீண்டது. மகாராஜா மூன்றாம் துக்கோஜி ராவ் ஹோல்கர் 1926ஆம் ஆண்டில் அரியணை துறக்க நேர்ந்தது.

இந்நிகழ்ச்சியில் மூன்று வண்டிகள் இருந்தமை நோக்குக. ஒன்று இரை, ஒன்று வேட்டை நாய், ஒன்று எதிர்பாராது வந்த காவல். பின்னாளிற் படமெடுத்தோர் பலரும் இம்மூன்று பங்குகளையே வண்டிகளுக்கு மாறி மாறி வழங்கினர் எனல் மிகையாகாது. அவ்வாண்டிலேயே கோஹினூர் கம்பெனியார், ஹோமி மாஸ்டர் இயக்கத்தில், இவ்வழக்கைத் தழுவிக் 'குலின் காந்தா' என்னும் ஊமைப்படத்தை வெளியிட்டனர். செய்தித்தாளின் மை உலருமுன் குற்றம் திரையேறும் வழக்கம் நூறாண்டுப் பழமையுடையது என்பதற்கு இஃது ஒரு சான்று.

3. தமிழ்த் திரையிலும் பிற திரையிலும்

தமிழில் துப்பறியும் கதை முதலில் அச்சில் வளர்ந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகியோர் நாவல்களை நம் முன்னோர் விழித்திருந்து படித்தனர். வடுவூராரின் கதையொன்றைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 1950ஆம் ஆண்டில் 'திகம்பர சாமியார்' என்று படமாக்கினர். எம். என். நம்பியார் பல வேடங்கள் புனைந்து அதில் துப்பறிந்தார். 1954ஆம் ஆண்டில் வெளிவந்த, எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்', பாட்டு ஒன்றுமின்றி, ஒரு கொலையைப் பலர் வாய்மொழியால் ஆராய்ந்தது. முன்னதில் மாறுவேடமும் பின்னதில் மதிநுட்பமுமே துப்பறிவோனுக்குத் துணை. 1966ஆம் ஆண்டின் 'வல்லவன் ஒருவன்', 1970ஆம் ஆண்டின் 'சி.ஐ.டி. சங்கர்' முதலிய படங்களில் ஜெய்சங்கர் தோன்றிய காலத்திலேதான் துப்பறிவோன் என்றாலே விரைந்து ஓடுபவன், துரத்துபவன் என்னும் எண்ணம் நிலைபெற்றது.

அக்காலத்தில் நம் சாலைகளில் ஓடிய வண்டி வகைகள் மிகச் சில. 1957 முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசிடரும், பியட்டும், சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் தவிர வேறு காண்பது அரிது. அம்பாசிடரில் அமைச்சரும் சென்றார், போலீசாரும் சென்றனர், கடத்தற்காரனும் சென்றான். ஊரெங்கும் ஒரே முகமாயிருந்த வண்டிகளுள் ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கு அதன் எண் ஒன்றே வழி. பழைய படங்களில் எண் பலகைக்கு அத்துணைச் சிறப்பு ஏற்பட்ட காரணம் இதுவாகலாம்.

பிறநாட்டுப் படங்களுள் மூன்றனை மட்டும் இங்கே சுட்டுவோம். 1944ஆம் ஆண்டின் 'டபிள் இன்டெம்னிட்டி'யில், மனைவி வண்டியோட்ட, பின்னிருக்கையில் ஒளிந்திருந்தவன் அவள் கணவனைக் கொல்லுகின்றான். செயல் முடிந்து புறப்படும் வேளையில் வண்டி கிளம்ப மறுக்கின்றது. அந்தச் சில நொடிகளில், கொலைகாரரின் நெஞ்சத் துடிப்பு நம் நெஞ்சிலும் ஏறுகின்றது. 1960ஆம் ஆண்டில் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ'வில், கொலையுண்ட பெண்ணின் உடலோடு அவள் வண்டியும் சேற்றுக் குட்டையில் ஆழ்த்தப்படுகின்றது. பாதி மூழ்கி நின்று, பின்னர் முழுதும் மறைகின்றது. படத்தின் இறுதியில் அவ்வண்டியையே சங்கிலியால் இழுத்து வெளியே எடுக்கின்றனர். 1968ஆம் ஆண்டின் 'புல்லிட்' சான் பிரான்சிஸ்கோ நகரத்து மேட்டுத் தெருக்களில் பத்து நிமிடத்திற்கு மேல் நடக்கும் ஒரு துரத்தலால் புகழ் பெற்றது. அப்படத்தின் தொகுப்புக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. முதலிரண்டு படங்களில் வண்டி நிற்கும்போது அச்சம் பிறக்கின்றது. மூன்றாவதில் ஓடும்போது பிறக்கின்றது. எமக்கு முன்னதே உயர்ந்த கலையாகத் தோன்றுகின்றது.

நம் மொழியில் இதற்கு ஒப்பாகக் காட்டத்தக்கது, ஜீத்து ஜோசப் தம் மலையாளப் படமாகிய 'திருஷ்யம்' என்பதனைத் தழுவி 2015ஆம் ஆண்டில் தமிழில் எடுத்த 'பாபநாசம்'. கமல்ஹாசன் ஏற்ற சுயம்புலிங்கம் பெரும்படிப்பு இல்லாதவன். ஆனால் ஓயாது படம் பார்ப்பவன். தன் குடும்பத்தைக் காக்க அவன் பேருந்துச் சீட்டுகளையும் பிற இரசீதுகளையும் கொண்டு ஒரு பொய்யை மெய்போல் கட்டுகின்றான். தாள்கள் அனைத்தும் அவனுக்கு அடங்குகின்றன, அடங்காதது ஒன்றே. இறந்த இளைஞனின் காரை அவன் ஓட்டிச் சென்றதை ஒரு காவலர் பார்த்துவிடுகின்றார். நீரில் ஆழ்த்திய அவ்வண்டியும் பின்னர் வெளிப்படுகின்றது. சீட்டு பொய் சொல்லும். இரும்பு பொய் சொல்லாது என்பது இப்படத்தின் உட்பொருள்களுள் ஒன்றெனக் கொள்ளலாம்.

4. பட்டறையிற் கற்ற பாடம்

இனி, விருத்தாசலத்துப் பட்டறைக்குத் திரும்புவோம். அங்கே கோப்பை செய்யும் முறை இது: களிமண்ணை நீரிற் கரைத்துப் பாற்குழம்பாக்கி, பிளாஸ்டர் ஆப் பாரிஸால் செய்த அச்சில் வார்க்கின்றனர். பிளாஸ்டர் நீரை உறிஞ்ச, அச்சின் சுவரை ஒட்டி மண் படிகின்றது. எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே மெல்லிய ஓடு நிற்கின்றது. அச்சில் மயிரிழை போன்ற கீறல் இருப்பினும் அது கோப்பையில் பதிகின்றது. பிளாஸ்டரின் உண்மைத்தன்மை அத்தகையது.

இதே பிளாஸ்டரையே துப்பறிவோர் ஈரமண்ணிற் பதிந்த சக்கரத் தடத்தில் வார்த்து எடுக்கின்றனர். புதிய டயர்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஓடிய டயர்களோ அவ்வாறல்ல. ஒன்றில் ஆணி குத்திய வடு. ஒன்றில் ஒருபுறத் தேய்வு. ஒன்றில் சிக்கிய கல். இவற்றை அச்சு அப்படியே காட்டுகின்றது. பொருள்கள் ஒன்றோடொன்று தொடும்போது ஒன்றன் சுவடு மற்றொன்றில் தங்கும் என்பது, 1910ஆம் ஆண்டில் லியோன் நகரில் ஆய்வுக்கூடம் அமைத்த எட்மண்ட் லொகார்டின் கொள்கை. நம் சென்னையிலோ 1849ஆம் ஆண்டிலேயே அரசாங்க இரசாயனப் பரிசோதகர் அலுவலகம் ஏற்பட்டிருந்தது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

பீங்கானின் மேற்பூச்சைப் போலவே வண்டியின் வண்ணமும் அடுக்கடுக்காக அமைந்தது. அடிப்பூச்சு, இடைப்பூச்சு, நிறம், மேலே மினுக்கு என அவ்வடுக்குகள் கிடக்கின்றன. இடையில் ஒருவர் புதிதாக வண்ணம் அடித்திருந்தால் அடுக்குகள் மிகும். அடிபட்டார் ஆடையில் ஒட்டிய கடுகளவு துணுக்கை நுண்ணாடியில் வைத்து, அடுக்குகளின் நிறமும் வரிசையும் ஐயத்திற்குரிய வண்டியின் அடுக்குகளோடு ஒக்கின்றனவா என்று பார்க்கின்றனர். உடைந்த விளக்குக் கண்ணாடியையும், உடைந்த கோப்பையை ஒட்டுவார்போல, துண்டோடு துண்டு பொருத்திப் பார்க்கின்றனர்.

இன்னொரு சான்று கணிதத்தைச் சார்ந்தது. திரையில் வண்டி கிரீச்சிட்டு நிற்கும். நாமோ ஓசையை மட்டும் கேட்கின்றோம். துப்பறிவோன் தார்ச்சாலையில் கிடக்கும் கருந்தடத்தை அளக்கின்றான். சக்கரங்கள் பூட்டுண்டு இழுபட்ட தடம் 20 மீட்டர் எனவும், உலர்ந்த சாலையின் உராய்வு எண் 0.7 எனவும் கொள்வோம். 2, 0.7, புவியீர்ப்பின் 9.8, தடத்தின் 20 ஆகிய நான்கையும் பெருக்கின் ஏறக்குறைய 274 வரும். அதன் வர்க்கமூலம் 16.6. எனவே வண்டி நொடிக்கு 16.6 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. மழை பெய்து உராய்வு எண் 0.4 ஆகக் குறைந்தால், அதே வேகத்தில் வரும் வண்டி நிற்க 35 மீட்டர் வேண்டும். ஓட்டுபவன் கண்டு, காலால் அழுத்துமுன் கழியும் ஒரு நொடியில் ஓடும் 17 மீட்டரையும் கூட்டினால் 52 மீட்டர். வண்டியோட்டும் மாணவர் இவ்வெண்ணை மறவாதிருத்தல் நலம்.

5. முதியவர் கேட்ட கேள்வி

ஓரிரவு நாங்கள் கண்ட படம் 'துருவங்கள் பதினாறு'. கார்த்திக் நரேன் என்னும் இளைஞர் இயக்கி 2016ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. காலிழந்து ஓய்வு பெற்ற காவல் அதிகாரி ஒருவர், கோயம்புத்தூரில் தாம் முன்னர் ஆராய்ந்த வழக்கைச் சொல்லுவதாகக் கதை அமைந்துள்ளது. இரவில் மூன்று இளைஞர் சென்ற காரில் ஒருவர் அடிபடுகின்றார். அவர்கள் அஞ்சி, அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு செல்கின்றனர். அதிலிருந்து முடிச்சுகள் பல விழுகின்றன. கதையின் முடிவை இங்கே சொல்லி, காணாதவர் இன்பத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

எம்மோடு அன்று படம் பார்த்தவருள், பட்டறையில் அச்சு செய்யும் முதியவர் ஒருவரும் இருந்தார். படம் நடக்கும்போதே யாமும் நண்பரும், 'வண்டி எப்போது வந்தது, எவ்வழியே போயிற்று, ஓட்டியவன் யார்' என்று ஊகித்துக்கொண்டிருந்தோம். முதியவர் வாய்திறவாதிருந்தார். பின்பு மெல்லக் கேட்டார்:

"ஏன் தம்பி, வண்டியைப் பற்றியே பேசுகிறீர்களே, அடிபட்டவன் யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லையே?"

எமக்கு விடை தோன்றவில்லை. அவர் எழுந்து சென்ற பிறகு நண்பர் சொன்னார்: பல ஆண்டுகளுக்கு முன் அம்முதியவரின் தம்பி இரவு வேலை முடிந்து மிதிவண்டியில் திரும்பும்போது ஒரு வண்டி மோதிச் சென்றது. விடியும்வரை அவர் சாலையோரத்திலேயே கிடந்தார். மோதிய வண்டி இன்னதென்று தெரியவே இல்லை. மறுநாட்காலை யாம் பட்டறைக்குச் சென்றபோது, முதியவர் ஓர் அச்சின் உட்புறத்தை விரலால் தடவி, கீறல் உண்டோ என்று பார்த்துக்கொண்டிருந்தார். முந்திய இரவைப் பற்றி அவரும் பேசவில்லை, யாமும் பேசவில்லை.

அவர் கேள்வியோடு ஒப்புநோக்கத்தக்க படமொன்று ஸ்பெயின் நாட்டில் உண்டு. 1955ஆம் ஆண்டில் ஹுவான் அந்தோனியோ பார்தெம் எடுத்த அதன் பெயர் 'ஒரு மிதிவண்டிக்காரனின் மரணம்' எனப் பொருள்படும். செல்வ வாழ்வினர் ஆணும் பெண்ணுமாக இருவர் தம் காரில் ஒரு தொழிலாளியை மோதிவிடுகின்றனர். அவன் உயிரோடிருப்பதை அறிந்தும், தம் கள்ள உறவு வெளிப்படுமென்று அஞ்சி, விட்டுச் செல்கின்றனர். அப்படத்தில் துப்பறிவோன் வேறு ஒருவன் தேவைப்படவில்லை. அவனவன் மனச்சான்றே துப்பறிகின்றது. மோதுதல் தவறியும் நேரலாம். விட்டுச் செல்லுதல் தவறி நேர்வதன்று. குற்றம் சக்கரத்தில் இல்லை. நிற்காமற் போன காலில் இருக்கின்றது.

நம் சட்டமும் இதனையே கூறுகின்றது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 134ஆம் பிரிவில், விபத்து நேர்ந்தால் காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்க இயன்றதைச் செய்தலும், 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் அறிவித்தலும் ஓட்டுநரின் கடமை என விதிக்கின்றது. உதவ வந்தவர் வழக்கில் அலைக்கழிக்கப்படுவார் என்னும் அச்சத்தாற் பலர் விலகிச் சென்றமையின், 2019ஆம் ஆண்டின் திருத்தம் 134-அ பிரிவைச் சேர்த்து, நல்லெண்ணத்தோடு உதவுவோர்க்குக் காப்பளித்தது. எரிகோ சாலையிற் குற்றுயிராய்க் கிடந்தவனைத் தூக்கியெடுத்த 'நல்ல சமாரியன்' என்னும் பெயரையே சட்டம் அவர்களுக்கு வழங்கியிருப்பது நம் மாணவர் அறியத்தக்கது. மோதிய வண்டி தெரியாது போயினும், இறந்தவர் குடும்பத்திற்கு 2,00,000 ரூபாயும், கொடுங்காயமுற்றவர்க்கு 50,000 ரூபாயும் அளிக்கும் திட்டம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதனை அறியாமையால் கேளாதிருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லுதல் படித்தவர் கடமையாகும்.

முடிவுரை

இத்தகைய படங்களைப் பார்த்தல் தீதென்று யாம் கூறவில்லை. கண்ணுக்குக் கூர்மையும் அறிவுக்குப் பயிற்சியும் அவை தருகின்றன. சுயம்புலிங்கம் போலப் படத்தினின்று தப்பும் வழியைக் கற்பாரும் உளராகலாம்; தப்ப முடியாமையைக் கற்பதற்கும் அதே படம் உதவுகின்றது. ஆயினும் இனி ஒரு படம் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். வண்டி என்ன சுவடு விட்டுச் சென்றது? அச்சுவட்டை அறிவுக்குப் பொருந்துமாறு படம் ஆராய்ந்ததா? அடிபட்டவனுக்கு ஒரு பெயரையும் ஒரு வீட்டையும் அப்படம் கொடுத்ததா? முதலிரண்டுக்கும் விடையளிக்கும் படம் நல்ல துப்பறியும் படம். மூன்றாவதற்கும் விடையளிப்பது நல்ல படம்.

தொடக்கத்திற் கூறிய சிலம்புக்கு வருவோம். பரல் தெறித்தவுடன் பாண்டியன், 'என்ன நுட்பமான துப்பு' என்று வியந்து நிற்கவில்லை. கொலையுண்டவன் ஒரு பெண்ணின் கணவன் என்பதும், தன் ஆணையால் மாண்டவன் என்பதும் அவன் நெஞ்சில் தைத்தன. அக்கணமே உயிர் துறந்தான். சிலம்பு உடைந்தது, மாண்டவன் பொருட்டு. திரையிலும் சாலையிலும் வண்டியைக் காணும் நாம், வண்டியோடு நின்றுவிடாமல், அது கடந்து சென்ற இடத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக.